நடிகையர் திலகமும் எங்கள் அப்பத்தாவும்

தனுஷ்கோடி இன்று ஒரு சுற்றுலாத் தலம். அரிச்சல்முனை வரை செல்லும் தார்ச்சாலை 2017-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிறகு நாள்தோறும் வண்டிகள் வரிசையாக வருகின்றன. வருபவர்கள் இடிந்த தேவாலயச் சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சங்குமாலை வாங்குகிறார்கள். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்துக்கோ அது பூர்வீகம். எங்கள் அப்பத்தா பிறந்ததும் வளர்ந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அந்த மணலில்தான்.

இவ்வாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு எங்கள் துறைப் பேராசிரியர் பணித்தார். நண்பர்கள் அரசியல் தலைவர்களையும் அறிவியல் மேதைகளையும் தேர்ந்தெடுத்தார்கள். நான் நடிகை சாவித்திரியைத் தேர்ந்தெடுத்தேன். நண்பர்கள் சிரித்தார்கள். குடித்துக் குடித்தே அழிந்துபோன நடிகைதானே என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. இக்கட்டுரையே அதற்கு என் விடை.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு. தனுஷ்கோடி அப்போது உயிரோட்டம் மிக்க ஊர். புகைவண்டி நிலையம், துறைமுகப் பாலம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. சென்னையிலிருந்து வரும் போட் மெயிலில் இறங்குபவர்கள் கப்பலேறித் தலைமன்னார் செல்வார்கள். அப்பத்தாவின் அண்ணன் அங்கே சுமை தூக்கும் கூலியாக இருந்தார். அன்றிரவு வீசிய புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் வண்டி 110 பயணிகளோடும் 5 ஊழியர்களோடும் அலையில் மூழ்கியது. பொழுது விடிந்தபோது ஊர் இல்லை. அப்பத்தாவின் தாயாரும் இல்லை, அண்ணனும் இல்லை. அப்பத்தாவும் தாத்தாவும் உயரமான ஒரு மணல்மேட்டில் ஏறிக்கிடந்து உயிர் தப்பினார்கள். இரண்டு நாள் கழித்து நடையும் படகுமாக இராமேசுவரம் வந்து சேர்ந்தார்கள். அப்போது அப்பத்தாவுக்கு வயது இருபது.

அதே இரவில் இராமேசுவரத்தில் தங்கியிருந்து உயிர் பிழைத்தவர்களில் இருவர் நாடறிந்த நடிகர்கள். ஒருவர் ஜெமினி கணேசன். மற்றவர் அவருடைய துணைவி சாவித்திரி. உடுத்த துணியோடு இராமேசுவரம் வந்து சேர்ந்த அகதிகளிடையே, பாசமலர் சாவித்திரி இந்த ஊரில்தான் இருக்கிறாராம் என்ற பேச்சு அடிபட்டதை அப்பத்தா பலமுறை சொல்லியிருக்கிறார். நேரில் பார்த்தீர்களா அப்பத்தா என்று கேட்டால், பெற்ற தாயையும் உடன்பிறந்தவனையும் தேடி அலைந்தவளுக்கு யாரைப் பார்க்கத் தோன்றும் என்று திருப்பிக் கேட்பார். புயலிலிருந்து இருவருமே தப்பினார்கள். தப்பிய பிறகு அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது.

சாவித்திரி ஆந்திர மாநிலம் குண்டூர் மாவட்டத்தைச் சேர்ந்த சிர்ராவூர் என்ற சிற்றூரில் 1930-களின் நடுப்பகுதியில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். தாயோடு பெரியம்மாவின் இல்லத்தில், விஜயவாடாவில் வளர்ந்தார். இளமையிலேயே நடனம் கற்று, நாடக மேடை ஏறினார். பெரியப்பாவின் துணையோடு சென்னைக்கு வந்து படநிறுவனங்களின் வாயிலில் காத்துக்கிடந்தார். 1950-இல் சம்சாரம் என்ற தெலுங்குப் படத்தில் முதலில் கிடைத்த பெரிய வேடம், படப்பிடிப்பில் பதற்றத்தால் தடுமாறியதால் கைநழுவிப் போயிற்று. சிறு வேடமே மிஞ்சியது. அடுத்த ஆண்டில் பாதாள பைரவியில் ஒரு நடனம் ஆடினார். முதல் வாய்ப்பில் தோற்றவர் மூன்றே ஆண்டுகளில் முன்னணி நடிகையானார் என்றால், அதற்குப் பின்னால் இருந்த உழைப்பை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். தேர்வில் ஒருமுறை தவறினால் உலகமே இருண்டுவிட்டதாக உட்கார்ந்துவிடும் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இதுவே ஒரு பாடம்.

அவரை உயர்த்திய படம் 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த தேவதாஸ். வங்க எழுத்தாளர் சரத்சந்திரரின் நாவலைத் தழுவியது. நாகேசுவரராவ் தேவதாஸாகவும் சாவித்திரி பார்வதியாகவும் நடித்தார்கள். காதலியை மணக்கத் துணிவில்லாத ஒருவன் குடிக்கத் தொடங்குகிறான். குடித்தே உடல் நைந்து, கடைசியில் அவள் வாழ்க்கைப்பட்ட மாளிகையின் வாசலில் வந்து உயிர் விடுகிறான். அவனைக் காண ஓடிவரும் பார்வதியின் முன்னே வாயிற்கதவு மூடப்படுகிறது. அந்தக் காட்சியைக் கண்டு தென்னாடே அழுதது. குடிகாரன் ஒருவனுக்காக நம் மக்கள் அவ்வளவு கண்ணீர் சிந்தினார்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

ஜெமினி ஸ்டூடியோவில் வாய்ப்புக் கேட்டு வந்த நாளிலேயே அங்கே பணியாற்றிய கணேசனை அவர் அறிவார். 1953-இல் மனம்போல் மாங்கல்யம் படத்தில் இருவரும் இணைந்து நடித்தார்கள். அதற்கு முன்பே, 1952-இல், இருவரும் மறைவாக மணம் செய்துகொண்டார்கள். கணேசன் ஏற்கெனவே மணமானவர், குழந்தைகளின் தந்தை. சாவித்திரிக்கோ இருபது வயதுகூட நிரம்பவில்லை. சில காலம் வெளியே தெரியாமல் இருந்த இந்த மணம், ஒரு சோப்பு விளம்பரத்தில் சாவித்திரி கணேஷ் என்று அவர் கையொப்பமிட்டதால் ஊரறிந்தது. ஒரு பெண் தன் மணத்தை உலகுக்கு அறிவிக்கக் கிடைத்த இடம் சோப்பு விளம்பரத்தின் அடியில் இருந்த கையெழுத்துதான் என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமே மேலிடுகிறது. பேரும் புகழும் பெற்ற நிலையிலும் இல்லற வாழ்வில் அவர் நின்ற இடம் முதல் நாளிலிருந்தே மணல்மேடுதான்.

திரையிலோ அவருக்கு நிகர் அவரே. 1955-இல் வந்த மிஸ்ஸியம்மாவில், வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவராக ஜெமினி கணேசனும் சாவித்திரியும் நடித்தார்கள். உண்மையில் கணவன் மனைவியாக இருந்தவர்கள் அப்படி நடிக்கிறவர்களாக நடித்தது ஒரு விந்தை. 1957-இல் வந்த மாயாபஜாரில், வத்ஸலையின் உருவெடுத்த கடோத்கசனாக அவர் நடித்ததை இன்றும் வியக்கிறார்கள். மெல்லிய பெண்ணுருவுக்குள் ஓர் அரக்கனின் நடையையும் முறைப்பையும் அவர் கொண்டுவந்தார். களத்தூர் கண்ணம்மா, பாவமன்னிப்பு, பார்த்தால் பசிதீரும், கற்பகம், கர்ணன், நவராத்திரி, கை கொடுத்த தெய்வம், திருவிளையாடல் என்று அவர் நடித்த படங்களின் பட்டியல் நீளும். நடிகையர் திலகம் என்று தமிழகம் அவரைப் போற்றியது.

எல்லாவற்றிலும் அப்பத்தாவுக்கு உயிரான படம் 1961-இல் வந்த பாசமலர். அதில் சிவாஜி கணேசன் அண்ணன், சாவித்திரி தங்கை. அப்பத்தாவை அந்தப் படத்துக்கு அழைத்துச் சென்றவரே அவருடைய அண்ணன்தான். சுமைகூலியில் சேர்த்த காசு. படம் முடிந்து வெளியே வந்ததும் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணல் விழுந்துவிட்டது என்றாராம். மூன்றரை ஆண்டுகளில் அந்த அண்ணனைக் கடல் கொண்டுபோயிற்று. அதன் பிறகு அப்பத்தா அந்தப் படத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

சாவித்திரியின் கை கொடுத்துப் பழகிய கை. 1965-இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது, அணிந்திருந்த நகைகளைக் கழற்றிப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியிடம் பாதுகாப்பு நிதிக்காகக் கொடுத்தார். துணிவிலும் அவர் குறைந்தவர் அல்லர். 1968-இல் சின்னாரி பாப்பலு என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார். அதன் முக்கியப் பொறுப்புகளில் பெரும்பாலும் பெண்களே இருந்தார்கள். இசை அமைத்தவர் பி. லீலா. அந்தக் கதையையே அடுத்த ஆண்டு குழந்தை உள்ளம் என்று தமிழில் எடுத்தார். பெண்கள் இயக்குநர் நாற்காலியில் அமர்வது அரிதாக இருந்த காலம் அது. 1971-இல் சிவாஜியோடு நடித்து, தாமே இயக்கித் தயாரித்த பிராப்தம் தோல்வியுற்றது. போட்ட பணம் போயிற்று. வருமான வரித் தொல்லை வந்தது. சென்னை தியாகராய நகர் அபிபுல்லா சாலையில் இருந்த பெரிய வீடும் கைவிட்டுப் போயிற்று. அதற்கு முன்பே, 1960-களின் இறுதியில், கணவரிடமிருந்து பிரிந்துவிட்டார். அந்த ஆண்டுகளில்தான் மது அவர் வாழ்வில் முழுதாகக் குடியேறியது.

அவர் கையில் முதல் கோப்பையைக் கொடுத்தவர் யார் என்று ஊர் இன்றும் வழக்காடுகிறது. அந்த வழக்கில் எனக்கு அக்கறை இல்லை. எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. தேவதாஸ் குடித்தபோது அவனைக் காவிய நாயகனாக்கி அழுத நாம், பார்வதியாக நடித்தவர் உண்மை வாழ்வில் குடித்தபோது என்ன செய்தோம்? கிசுகிசு எழுதினோம், படித்தோம், சிரித்தோம். துயரத்தால் ஆண் குடித்தால் அது காதலின் ஆழம். பெண் குடித்தால் அது ஒழுக்கக்கேடு. திரையில் அவர்முன் மூடப்பட்ட அந்தக் கதவை, வாழ்வில் நாமே மூடினோம்.

இந்திப் படவுலகிலும் இதற்கோர் இணை உண்டு. குருதத் தயாரித்து அப்ரார் ஆல்வி இயக்கிய சாகிப் பீபி அவுர் குலாம் 1962-இல் வந்தது. பிமல் மித்ராவின் வங்க நாவலே அதன் மூலம். நடன மாதரின் வீட்டில் இரவைக் கழிக்கும் ஜமீன்தாரின் மனைவி, அவனை வீட்டில் நிறுத்தவேண்டும் என்பதற்காக அவன் விருப்பப்படியே குடிக்கப் பழகுகிறாள். கணவனும் நிற்கவில்லை, குடியும் விடவில்லை. அந்த மனைவியாக நடித்தவர் மீனாகுமாரி. அவரும் 1964-ஆம் ஆண்டிலேயே கணவரைப் பிரிந்தார். குடியால் ஈரல் கெட்டு, 1972 மார்ச் 31-இல் தம் 38-ஆவது வயதில் மறைந்தார். 2011-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்திய அஞ்சல்துறை ஆறு நடிகையரின் அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அந்த ஆறு முகங்களில் மீனாகுமாரியின் முகமும் உண்டு, சாவித்திரியின் முகமும் உண்டு. வாழும்போது தூற்றிய முகங்களை மறைந்த பின் தபாலில் ஒட்டி மதிக்கிறோம்.

இனி நான் எழுதப்போவது எங்கள் வீட்டுச் செய்தி. எழுதலாமா என்று பலநாள் தயங்கினேன். அப்பாவிடம் அனுமதி கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுது என்றார்.

எங்கள் அப்பத்தாவும் குடித்தார். புயலுக்குப் பிறகு கருவாட்டுக் கொட்டகையில் கூலிக்குப் போனார். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திச் சாராயக்கடைகள் திறந்தபோது, உடல்வலிக்கு மருந்து என்று உடன் வேலை செய்தவர்கள் பழக்கிவிட்டார்களாம். வலி போனதோ இல்லையோ, இரவில் தூக்கம் வந்தது. புயலுக்குப் பிறகு அப்பத்தா கண்மூடித் தூங்கியது அப்போதுதான் என்று தாத்தா சொல்வாராம். அதன் பிறகு கடைகள் மூடின, திறந்தன, சட்டங்கள் மாறின. அப்பத்தாவின் மருந்து மாறவில்லை. தாத்தாவும் குடித்தவர்தான். அவரைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. கடலுக்குப் போகிறவர், அலுப்புக்குக் குடிக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். அப்பத்தாவைப் பற்றித் தெருவே பேசியது. எங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தவர்கள் அதைக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனதும் உண்டு.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது பள்ளித் தோழர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். அன்று மாலை அப்பத்தா தள்ளாடிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பின்கட்டு அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டேன். தோழர்கள் போகும்வரை திறக்கவில்லை. அப்பத்தா கதவைத் தட்டவும் இல்லை. நான் திறந்தபோது சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். உன் கூட்டாளிகள் சாப்பிட்டார்களா ஐயா என்று மட்டும் கேட்டார்.

சாவித்திரியின் வாழ்வைச் சொல்லும் திரைப்படம் 2018-இல் தெலுங்கில் மகாநடி என்றும் தமிழில் நடிகையர் திலகம் என்றும் வந்தது. அதில் நடித்த கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. பின்னர் அது தொலைக்காட்சியில் வந்தபோது அப்பத்தாவோடு அமர்ந்து பார்த்தேன். அவர் குடிக்கத் தொடங்கும் கட்டம் வந்ததும் அப்பத்தா எழுந்து பெட்டியை அணைக்கச் சொன்னார். வெட்கம் போலும் என்று எண்ணி நான் சிரித்தேன். அந்தப் பிள்ளையை யாராவது கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவையுங்கள் என்று சொல்லிக்கொண்டே அவர் திண்ணைக்குப் போனார். அந்தச் சொல் எனக்கு அன்று விளங்கவில்லை. அப்பத்தா காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இக்கட்டுரைக்காகச் சாவித்திரியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் விளங்கிற்று.

மதுவுக்கு அடிமையாதலை உலக சுகாதார நிறுவனம் நோய்களின் வரிசையில் வைத்திருக்கிறது. அது மூளையின் பழக்கத்தையே மாற்றிவிடும் நோய். மன உறுதி ஒன்றினால் மட்டும் விலகுவதன்று. ஒரே அளவு மது ஆணைக் காட்டிலும் பெண்ணின் இரத்தத்தில் அதிகமாகச் செறியும். ஈரலையும் விரைவில் கெடுக்கும். ஆனால் பெண்ணுக்குப் பழிச்சொல் அதிகம் என்பதால் அவள் மறைத்துக் குடிக்கிறாள். மறைப்பதால் மருத்துவம் அவளிடம் சென்று சேர்வதில்லை. நீரிழிவும் உடனிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். சாவித்திரிக்கு நீரிழிவும் இருந்தது.

1970-களில் கிடைத்த சிறுசிறு வேடங்களில் அவர் நடித்து வந்தார். ஒரு காலத்தில் தமக்காகக் காத்திருந்த படப்பிடிப்புத் தளங்களில் அவர் காத்திருந்தார். 1980-ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூரில் நினைவிழந்து விழுந்தார். அதன்பின் நினைவு திரும்பவில்லை. 19 மாதங்கள் அந்த நிலையிலேயே கிடந்து, 1981 டிசம்பர் 26-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். ஐம்பது வயதைக்கூட அவர் எட்டவில்லை. தனுஷ்கோடியைக் கடல் ஓரிரவில் அழித்தது. இவரை மது ஏறக்குறையப் பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு, எல்லோரும் பார்த்திருக்க, சிறிது சிறிதாக அழித்தது.

இதில் என் மனத்தை விட்டகலாத செய்தி ஒன்று உண்டு. சாவித்திரி நினைவிழந்த அதே 1980-ஆம் ஆண்டில்தான், குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதற்கென்று சென்னையில் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். கணவரின் பெயரையே அதற்கு இட்டார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தம் துயரத்தை மறைக்காமல் பிறர்க்கு மருந்தாக்கிய பெருமாட்டி அவர். ஒருத்திக்குக் கதவு மூடிய நகரில், அதே ஆண்டு மற்றொருத்தி ஒரு கதவைத் திறந்துவைத்தார்.

சாவித்திரியைப் பழுதற்றவர் என்று காட்டுவது என் நோக்கமன்று. கணக்குப் பாராமல் கொடுத்தார், ஆராயாமல் நம்பினார், குடியால் தம்மையும் தம் குழந்தைகளின் இளமையையும் வருத்தினார். இவற்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது. ஆனால் குறையை மட்டும் சொல்லி நிறுத்துவதும் வரலாறு ஆகாது. தந்தை முகம் அறியாத ஒரு சிற்றூர்ப் பெண், இருமொழி மக்களின் நெஞ்சில் தங்கையாகவும் மகளாகவும் இடம் பெற்றதும், ஆண்களின் தொழிலாக இருந்த இயக்கத்தில் துணிந்து இறங்கியதும் வரலாறே. குடித்து அழிந்த நடிகைதானே என்று கேட்ட நண்பருக்கு நான் சொல்வது இதுதான்: அவர் நோயுற்றார், நாம் வேடிக்கை பார்த்தோம்.

சென்ற மாதம் தனுஷ்கோடிக்குத் தனியே போய் வந்தேன். பழைய புகைவண்டி நிலையத்தின் சுவர்கள் நிற்கின்றன, கதவுகள் இல்லை. வாசல் வழியே காற்று தடையின்றிப் போய்வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பின்கட்டு அறையில் நான் போட்ட தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. அந்தக் கதவை இனி அப்பத்தாவுக்காக என்னால் திறக்க முடியாது. மாணவத் தோழர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பெண் இருக்கக்கூடும். ஆணும் இருக்கக்கூடும். சிரிப்பதற்கு முன் ஒருமுறை அருகே போய் உட்காருங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போக ஆள் இல்லையென்றால் நீங்கள் அழைத்துப் போங்கள்.